இஃதிகாஃப்: இருப்பவர் ஒருவர், தாங்குவது மஹல்லா





ரமலான் பிறை இருபது. அஸர் தொழுகை முடிந்து, நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளிகளுடன் வரிசையில் நிற்கும் நேரம். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், நெல்லிக்குப்பம், லால்பேட்டை என்று நம் மாவட்டத்தின் எந்த ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனாலும் அன்று ஒரே காட்சிதான். ஒரு தலையணை, ஒரு போர்வை, மாற்றுத் துணி, ஒரு குர்ஆன். இவற்றுடன் சிலர் மஃரிபுக்கு முன்பே உள்ளே வந்துவிடுவார்கள். பள்ளியின் ஒரு மூலையில் வேட்டியையோ போர்வையையோ கயிற்றில் கட்டித் திரை போட்டுக்கொள்வார்கள். பெருநாள் பிறை தென்படும் வரை இனி அதுதான் அவர்களின் வீடு.

ஆண்டுதோறும் பார்ப்பதால் இது நமக்குப் பழகிப்போய்விட்டது. அந்தத் திரைக்குள் இருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் வயதானவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். அவர்களுடைய இபாதத்தை அல்லாஹ் கபூல் செய்வானாக! ஆனால் ஆட்டோ ஓட்டுபவர் எங்கே? கறிக்கடையில் நிற்பவர் எங்கே? கல்லூரி மாணவர் எங்கே? விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுந்து வீட்டாருக்கெல்லாம் சஹர் சமைக்கும் நம் தாய்மார்கள் எங்கே? மன அமைதி யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவர்களுக்குத்தான் அந்தப் பத்து நாட்கள் எட்டாமல் இருக்கின்றன.

ரமலானுக்கு முன்பே இதை யோசிக்க வேண்டும் என்பதால்தான் இந்த மாதப் பாடத்தை இஃதிகாஃபுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

சொல்லின் பொருள்

இஃதிகாஃப் என்ற அரபுச் சொல்லுக்கு, ஒன்றைப் பற்றிக்கொண்டு அதை விட்டு அகலாமல் இருத்தல் என்று பொருள். அல்லாஹ்வை நெருங்கும் நிய்யத்துடன் பள்ளிவாசலில் தங்கியிருப்பது மார்க்க வழக்கில் இஃதிகாஃப் எனப்படுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 125ஆம் வசனத்தில், நபி இப்ராஹீம் (அலை), நபி இஸ்மாயீல் (அலை) இருவரும் கஅபாவைத் தூய்மையாக வைக்கும்படி கட்டளையிடப்படுகிறார்கள். யாருக்காக? தவாஃப் செய்பவர்கள், ருகூஉ, ஸுஜூது செய்பவர்கள் ஆகியோருடன் இஃதிகாஃப் இருப்பவர்களுக்காகவும். அதே அத்தியாயத்தின் 187ஆம் வசனம் நோன்பின் சட்டங்களைச் சொல்லி வரும்போது, பள்ளிகளில் இஃதிகாஃப் இருப்பவர்களுக்கான கட்டுப்பாட்டையும் சொல்கிறது.

இதே வேர்ச்சொல் குர்ஆனில் வேறோர் இடத்திலும் வருகிறது. அல்அன்பியா அத்தியாயத்தின் 52ஆம் வசனத்தில் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் தந்தையிடமும் சமூகத்தாரிடமும், நீங்கள் பற்றிக்கொண்டு கிடக்கும் இந்தச் சிலைகள் என்ன என்று கேட்கிறார்கள். சிலையின் முன் கிடப்பதற்கும் அல்லாஹ்வின் இல்லத்தில் இருப்பதற்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். அப்படியானால், எதன் முன்னும் உட்காராத மனிதன் கிடையாது. நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒருவருக்குக் கல்லாப்பெட்டி, ஒருவருக்குக் கைப்பேசி, ஒருவருக்கு யார்மீதோ கொண்ட பழைய கோபம். எதன் முன் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஆண்டுக்கு ஒரு முறையாவது நின்று பார்ப்பதற்கு அல்லாஹ் தந்த வாய்ப்பே இஃதிகாஃப்.

நபிவழியில்

நுபுவ்வத் கிடைப்பதற்கு முன்பே நபி (ஸல்) அவர்கள் உணவை எடுத்துக்கொண்டு ஹிரா குகைக்குச் சென்று பல இரவுகள் தனித்திருந்து வணங்குவார்கள். உணவு தீர்ந்ததும் கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து, மீண்டும் எடுத்துக்கொண்டு செல்வார்கள். அந்தத் தனிமையின் பின்னால் ஒரு குடும்பம் துணை நின்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மதீனாவில் அவர்கள் ரமலானின் முதல் பத்தில் இஃதிகாஃப் இருந்தார்கள். பிறகு நடுப் பத்தில் இருந்தார்கள். லைலத்துல் கத்ரு கடைசிப் பத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்டதும் அந்தப் பத்திலும் இருந்தார்கள். வஃபாத்தாகும் வரை இந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள் என்றும், அவர்களுக்குப் பின் அவர்களின் மனைவியர் இஃதிகாஃப் இருந்தார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். வஃபாத்தான ஆண்டில் மட்டும் இருபது நாட்கள் இருந்தார்கள்.

அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறார்கள். அன்று மழை பெய்தது. பேரீச்ச மட்டைகளால் வேயப்பட்டிருந்த மஸ்ஜிதுந் நபவியின் கூரை ஒழுகியது. காலைத் தொழுகை முடிந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பியபோது அவர்களின் நெற்றியில் ஈரமும் சேறும் ஒட்டியிருந்தன. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவு, ஒழுகும் கூரையின் கீழ் ஈரத் தரையில் கிடைத்தது. மழைக்கும் வெள்ளத்துக்கும் பழகிய நம் மாவட்டத்தாருக்கு இந்த ஹதீஸின் பொருள் சட்டென்று விளங்கும். அமைதிக்குக் குளிர்சாதன வசதியும் பளிங்குத் தரையும் நிபந்தனை அல்ல. ஸுஜூதில் வைக்கும் நெற்றிதான் வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள்

நம் பகுதியில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபினரும் இருப்பதால் சுருக்கமாக இரண்டையும் தருகிறோம்.

ரமலான் கடைசிப் பத்தின் இஃதிகாஃப் ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொருவருக்கும் வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். ஹனஃபீ மத்ஹபில் அது ஸுன்னத் முஅக்கதா கிஃபாயா. அதாவது மஹல்லாவில் ஒருவர் இருந்தாலும் அனைவரின் பொறுப்பும் நீங்கும். ஒருவருமே இல்லையென்றால் மஹல்லா முழுவதும் ஒரு ஸுன்னத்தை விட்ட குறைக்கு ஆளாகும். நேர்ச்சை செய்த இஃதிகாஃப் இரு மத்ஹபிலும் கட்டாயம்.

பிறை இருபதன்று சூரியன் மறைவதற்கு முன் நிய்யத்துடன் பள்ளிக்குள் வந்துவிட வேண்டும். ஷவ்வால் பிறை உறுதியானதும் இஃதிகாஃப் நிறைவடைகிறது. ஹனஃபீ சட்டப்படி ஐந்து வேளை ஜமாஅத் நடக்கும் பள்ளியாக இருப்பது அவசியம். ஜுமுஆவும் நடக்கும் பள்ளியாக இருந்தால் வெள்ளிக்கிழமை வெளியே போக வேண்டிய சிக்கல் இராது.

மலஜலம் கழித்தல், உளூ, கடமையான குளிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே வெளியே செல்லலாம். வெயிலுக்குக் குளிர்ச்சியாக ஒரு குளியல் போட்டு வருகிறேன் என்று போவது ஹனஃபீ சட்டப்படி இஃதிகாஃபை முறித்துவிடும். சித்திரை வெயிலில் ரமலான் வரும் ஆண்டுகளில் பலர் தெரியாமல் செய்யும் தவறு இது. கடைக்குப் போவது, நோயாளியைப் பார்க்கப் போவது, ஜனாஸாவுக்குப் போவது ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். உயிர் காக்கும் அவசரம் வந்தால் வெளியேறியே ஆக வேண்டும். இஃதிகாஃப் முறியும், ஆனால் பாவம் இல்லை. முறிந்ததை எப்படி களா செய்வது என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த லால்பேட்டை ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்ற மன்பயீ ஆலிம்கள் பணியாற்றும் மாவட்டத்தில் இருக்கிறோம். கேட்காமல் தவறு செய்ய நமக்குக் காரணமே இல்லை.

பெண்களைப் பொறுத்தவரை, வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்திலேயே இருக்கலாம் என்பது ஹனஃபீ சட்டம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி பெண்களுக்கும் பள்ளிவாசலில்தான் இஃதிகாஃப் கூடும். இன்னொன்றும் முக்கியம்: இஃதிகாஃப் என்பது ஒருவர் தாமாக அல்லாஹ்வுக்காகச் செய்யும் வணக்கம். மஹல்லாவின் பொறுப்பு நீங்குவதற்காகக் கூலி பேசி ஒருவரை உட்கார வைப்பது கூடாது.

முதல் மூன்று இரவுகள்

உள்ளே போனதும் அமைதி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இருந்து பார்த்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: முதல் இரவில் வருவது அமைதி அல்ல, கணக்கு. கரண்ட் பில் கட்டியாயிற்றா, கடைச் சாவியை யாரிடம் கொடுத்தோம், மகனுக்குப் பெருநாள் சட்டை எடுத்தார்களா என்று மனம் வீட்டுக்கும் கடைக்கும் நடந்துகொண்டே இருக்கும். கை தன்னால் கைப்பேசியைத் தேடும். மின்விசிறிச் சத்தமும் கொசுவும் பக்கத்துத் திரையின் குறட்டையும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாம் நாள் அலுப்பு வரும். மூன்றாம் நாள்தான் ஏதோ ஒன்று தளரத் தொடங்கும். தஹஜ்ஜுது நேரத்தில், விளக்கு அணைந்த பள்ளியில், ஒரு சூராவை அவசரமில்லாமல் ஓதும்போது, பல ஆண்டுகளாக ஓதிவந்த ஒரு வசனம் முதன்முறையாகக் காதில் விழுவதுபோல் இருக்கும். அர்ரஅத் அத்தியாயத்தின் 28ஆம் வசனம், அல்லாஹ்வை நினைவுகூர்வதைக் கொண்டே உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்று கற்றுத் தருகிறது. நினைவுகூர்வதற்கு இடம் வேண்டும். உள்ளத்தில் குவிந்து கிடக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்த பிறகுதான் அந்த இடம் உண்டாகிறது. முதல் மூன்று இரவுகளின் தவிப்பு அந்த வேலைதான். அதைக் கண்டு பயந்து, நமக்கு இது ஒத்துவராது என்று நினைத்துவிடக் கூடாது.

சில எளிய ஏற்பாடுகள் உதவும். கைப்பேசியை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, அவசரத்துக்கு இமாம் அல்லது முஅத்தினின் எண்ணைச் சொல்லிவிடுங்கள். தினமும் எவ்வளவு ஓதுவது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். களாவான தொழுகைகள் இருந்தால் எழுதி வைத்து நிறைவேற்றுங்கள். பகலில் கொஞ்சம் தூங்குங்கள். தூங்காமல் சமாளிப்பவர் இருபத்தேழாம் இரவில் சுவரில் சாய்ந்து உறங்கிவிடுவார். சத்தமாக ஓதி அடுத்தவருக்கு இடையூறு செய்யாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃப் இருந்தபோது, மக்கள் சத்தமாக ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒவ்வொருவரும் தம் இறைவனிடம் தனியாக உரையாடிக்கொண்டிருக்கிறீர்கள், ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தர வேண்டாம் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள்.

சச்சரவு கொண்டுபோன அறிவு

லைலத்துல் கத்ரு எந்த இரவு என்பது ஏன் நமக்குத் தெரியாமல் போயிற்று? புகாரியில் இதற்கு விடை இருக்கிறது. அதைச் சொல்வதற்காக நபி (ஸல்) அவர்கள் வெளியே வந்தார்கள். அப்போது முஸ்லிம்கள் இருவர் சச்சரவு செய்துகொண்டிருந்தார்கள். அந்த அறிவு உயர்த்தப்பட்டுவிட்டது. இருவர் போட்ட சண்டையால் ஒரு சமுதாயமே ஒரு செய்தியை இழந்தது. அப்படியும் அது நமக்கு நன்மையாகவே இருக்கலாம் என்று கூறி, கடைசிப் பத்தில் தேடும்படி வழிகாட்டினார்கள்.

நாம் இருந்த ஓர் ஆண்டில் எங்களுடன் ஒரு சகோதரர் இருந்தார். தாய் தந்தை விட்டுச்சென்ற வீட்டைப் பங்கு வைப்பதில் தம்பியுடன் மனத்தாங்கல். ஒரே தெருவில் இருந்தும் ஆறு ஆண்டுகளாக ஸலாம் கூட இல்லை. தராவீஹுக்குப் பிறகு இமாம் இந்த ஹதீஸை விளக்கிய இரவில் அவர் தூங்கவில்லை. சஹருக்கு முன் இமாமிடம் போய், “ஹஜ்ரத், நான் இப்பவே போய்த் தம்பியைப் பார்த்துட்டு வந்திடட்டுமா?” என்று கேட்டார். “போனா இஃதிகாஃப் முறிஞ்சிடும் பாய். நீங்க போக வேண்டாம், அவரைக் கூப்பிடுங்க” என்றார் இமாம்.

முஅத்தினின் கைப்பேசியை வாங்கிப் பேசினார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்று மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் தம்பி வந்தார். இருவரும் ஒரே ஸஹனில் கஞ்சியும் வடையும் வைத்து நோன்பு திறந்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினார், தம்பி வாங்கிக்கொண்டார்.

வீட்டுப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். பிறகு ஜமாஅத் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பங்கு பிரிந்து முடிய மேலும் பல மாதங்கள் ஆயின. ஆனால் பேசுவதற்கு இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அவர் அந்த ஆண்டு லைலத்துல் கத்ரை அடைந்தாரா என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். தம்பியை அடைந்தார் என்பதற்கு நாங்கள் சாட்சி.

மன அமைதி வேண்டும் என்று பள்ளிக்கு வருகிறோம். பல நேரம் அந்த அமைதி ஒரு வீட்டு வாசலில் நாம் விட்டுவிட்டு வந்ததாக இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் துணிவை இந்தப் பத்து நாட்கள் தருகின்றன.

கதவு மூடியதல்ல

இஃதிகாஃப் என்பது குடும்பத்தை உதறிவிட்டுப் போவதல்ல. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃப் இருந்தபடியே தலையை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைப் பக்கம் நீட்டுவார்கள், அவர்கள் தலைவாரிவிடுவார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஓர் இரவு பள்ளிக்கு வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பியபோது, வழியனுப்ப நபி (ஸல்) அவர்கள் எழுந்து நடந்தார்கள். அவ்வழியே சென்ற அன்ஸாரித் தோழர்கள் இருவரை நிறுத்தி, உடன் இருப்பவர் ஸஃபிய்யா என்று தெளிவுபடுத்தினார்கள். அல்லாஹ்வுடன் தனித்திருக்கும் நாட்களிலும் மனைவியிடம் பேச நேரம் இருந்தது. பிறர் மனத்தில் ஐயம் நுழையாமல் காக்கும் கவனமும் இருந்தது.

ஒரு சகோதரரின் தேவைக்காக அவருடன் நடந்து செல்வது, மதீனாவின் இந்தப் பள்ளியில் ஒரு மாதம் இஃதிகாஃப் இருப்பதைவிடத் தமக்கு விருப்பமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக தப்ரானீயில் ஓர் அறிவிப்பு உள்ளது. இதைப் பிடித்துக்கொண்டு, ‘நான்தான் பொதுச் சேவை செய்கிறேனே, எனக்கு இஃதிகாஃப் எதற்கு?’ என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் சொன்ன நபி (ஸல்) அவர்களே ஆண்டுதோறும் இருந்தார்கள் என்பதே அதற்குப் பதில். தனிமை சேவைக்கு மாற்று அல்ல. சேவையும் தனிமைக்கு மாற்று அல்ல. ஒன்று ஊற்று, மற்றொன்று வாய்க்கால். ஊற்று வற்றினால் வாய்க்காலில் ஓடுவது பெருமையும் அலுப்பும்தான். நற்பணிகளில் ஓடியாடும் இளைஞர்கள் சில ஆண்டுகளில் சோர்ந்து, கசந்து ஒதுங்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குத்தான் இந்தப் பத்து நாட்கள் முதலில் தேவை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையை நம் மாவட்டம் மறக்காது. ஆழிப்பேரலை 600க்கும் மேற்பட்ட உயிர்களை இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் கொண்டுபோனது. வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மீனவக் கிராமங்களிலிருந்து உடுத்திய துணியுடன் ஓடி வந்தவர்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மதம் பார்க்காமல் தங்க இடம் கொடுத்தார்கள், சமைத்துப் போட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்தபோதும், 2015 நவம்பர் வெள்ளத்தின்போதும் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சுமந்து தண்ணீரில் இறங்கியவர்களில் நம் ஜமாஅத் பிள்ளைகளும் இருந்தார்கள். அல்லாஹ்வின் முன் நிற்கப் பழகிய கால்கள் அடியார்களின் துயரத்தின் முன்னும் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் மங்காமல் இருக்கவே ஆண்டுதோறும் திரைக்குள் போய் வருகிறோம்.

பள்ளிகள் மூடியிருந்த ரமலான்

ஹிஜ்ரி 1441, அதாவது 2020ஆம் ஆண்டு ரமலானை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கால் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. தராவீஹ் ஜமாஅத் இல்லை, கஞ்சி வரிசை இல்லை. பள்ளியிலேயே தங்கியிருந்த இமாம், முஅத்தின் போன்ற ஓரிருவரைத் தவிர யாருக்கும் கடைசிப் பத்தில் இருக்க வாய்ப்பில்லை. மே 25 அன்று பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதோம்.

அந்த ஆண்டு ஆண்கள் பலர் முதன்முறையாக வீட்டில் ஒரு மூலையைத் தொழுகைக்கென ஒதுக்கினார்கள். ஆண்களுக்கு வீட்டில் இருப்பது இஃதிகாஃப் ஆகாது என்றாலும், திக்ருக்கும் துஆவுக்கும் அது உதவியது. அப்போதுதான் இன்னொன்றும் அவர்கள் கண்ணில் பட்டது. வீட்டில் தாயோ மனைவியோ எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், நடுவே எத்தனை முறை குர்ஆனைத் திறந்து, அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டு மூடி வைக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். பள்ளிகள் திறந்துவிட்டன. பார்த்ததை மறந்துவிட வேண்டாம்.

மஹல்லா என்ன செய்யலாம்?

ஒருவர் இருப்பது அனைவருக்காகவும் என்றால், அந்த ஒருவரின் சுமையை அனைவரும் பகிர வேண்டாமா? கதீஜா (ரலி) அவர்கள் கட்டிக்கொடுத்த உணவு ஹிராவின் தனிமைக்குத் துணை நின்றதுபோல், மஹல்லா துணை நிற்க வேண்டும். நம் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் வாசகர்களுக்கும் சில யோசனைகள்:

ஷஅபான் மாதமே பட்டியல் எடுங்கள். யாருக்கு இருக்க ஆசை, எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். அன்றாடக் கூலிக்காரர் என்றால் அந்தப் பத்து நாட்களுக்கு அவர் வீட்டு அரிசி, பருப்பு, மருந்துச் செலவை மஹல்லா ஏற்கட்டும். இது இஃதிகாஃபுக்கான கூலி அல்ல. முழுப் பத்தும் இருக்க முடியாமல் நடுவில் போனாலும் திருப்பிக் கேட்கக் கூடாத ஸதகா. அவர் ஜகாத் பெறத் தகுதியுள்ளவரா என்பதை ஆலிமிடம் கேட்ட பிறகே பைத்துல்மாலின் ஜகாத் பணத்தைத் தொட வேண்டும். கொடுப்பது மூன்றாம் நபருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆட்டோ ஓட்டுபவரின் வண்டியை நம்பகமான ஒருவர் அந்த நாட்களில் ஓட்டி வருமானத்தை வீட்டில் சேர்க்கலாம். கடை வைத்திருப்பவரின் கடையில் பக்கத்துக் கடைக்காரர் ஒரு வேளை உட்காரலாம். படிக்கும் பிள்ளைகள் முழுப் பத்தும் இருக்க இயலாவிட்டால், நஃபிலான இஃதிகாஃப் நிய்யத்துடன் ஓர் இரவோ வார இறுதியோ இருக்கட்டும். உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்பதற்கு முன் மஸ்ஜிதுல் ஹராமில் ஓர் இரவு இஃதிகாஃப் இருக்க நேர்ந்திருந்தார்கள். அந்த நேர்ச்சையை நிறைவேற்றும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஓர் இரவு என்று அலட்சியம் செய்ய வேண்டியதில்லை.

பள்ளியில் சுத்தமான கழிப்பறை, தண்ணீர், ஒழுங்கான திரை, முதியவர்களுக்கு நாற்காலி ஆகியவற்றைப் பிறை பதினைந்துக்குள் சரிபார்த்துவிடுங்கள். சாப்பாட்டை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து அனுப்புங்கள். விருந்துபோல் அனுப்ப வேண்டாம். வயிறு நிறைந்தால் இரவு போய்விடும்.

வீட்டில் இருக்க விரும்பும் பெண்களுக்கு, கடைசிப் பத்தில் குறைந்தது ஒற்றைப்படை இரவுகளிலாவது அடுப்பிலிருந்து விடுதலை கொடுங்கள். ஐந்து இரவுகள். கணவரும் மகன்களும் ஐந்து சஹர் சமைத்தால் குடும்பம் பட்டினியாகிவிடாது. இதற்குக் காசும் தேவையில்லை, கமிட்டியும் தேவையில்லை.

திரையை அவிழ்க்கும்போது

பெருநாள் பிறை அறிவித்ததும் பள்ளியில் ஒரு பரபரப்பு. திரைகளை அவிழ்ப்பார்கள், போர்வையை மடிப்பார்கள், முஸாஃபஹா செய்வார்கள். வாசலில் பேரப்பிள்ளைகள் காத்திருப்பார்கள். தெருவில் வண்டிச் சத்தம், துணிக்கடை வெளிச்சம், தக்பீர் முழக்கம். பத்து நாட்களுக்கு முன் விட்டுச்சென்ற அதே தெருதான். கடனும் அப்படியே இருக்கும், வேலையும் அப்படியே இருக்கும்.

மாறியிருக்க வேண்டியவர் வெளியே வருபவர்தான். அவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். நான் பேசாமல் இருந்த யாரிடம் இந்தப் பெருநாளில் முதலில் ஸலாம் சொல்லப்போகிறேன்? பத்து நாட்கள் விடாத எந்த ஓர் அமலை இனி விடாமல் செய்யப்போகிறேன்? நான் உள்ளே இருக்க என் சுமையைத் தூக்கியவர்களில் யாருடைய சுமையை அடுத்த ஆண்டு நான் தூக்கப்போகிறேன்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும். அடுத்த ரமலானின் இருபதாம் மாலையில் பள்ளி மூலையில் ஒரு புதிய திரை கட்டப்படும், இன்ஷா அல்லாஹ்.

லைலத்துல் கத்ரை அறிந்தால் என்ன கேட்பது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோது, மன்னிப்பை விரும்பும் இறைவனிடம் மன்னிப்பையே கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நாமும் அதையே கேட்போம். கேட்டுப் பெற்றதைப் பிறருக்கும் கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் வரும் ரமலானை ஆரோக்கியத்துடன் அடையும் பாக்கியத்தை நமக்குத் தருவானாக! அவனுடைய இல்லத்தில் தங்கும் வாய்ப்பை நம்மில் இதுவரை கிடைக்காதவர்களுக்கும் தருவானாக! பிரிந்த உள்ளங்களைச் சேர்த்து வைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.